மூணாங்கிளாஸ் பிரின்சிபால்

எங்கள் ஊர் வீடுகளில் தினமும் அடிபடுகிற பெயர்கள் இரண்டு. ஒன்று மருதமலை முருகன். இன்னொன்று ஜி.டி.நாயுடு. வேலை ஆகவேண்டும் என்றால் முருகனைக் கூப்பிடுவார்கள். வேலை கெட்ட பிறகு நாயுடுவைக் கூப்பிடுவார்கள். டார்ச் லைட்டைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்தாலும் சரி, சைக்கிள் டைனமோவில் ரேடியோவைப் பாடவைக்கப் பார்த்தாலும் சரி, “மனசுல பெரிய ஜி.டி.நாயுடுன்னு நெனப்பு!” என்ற குரல் சமையலறையிலிருந்து வந்துவிடும். கோயமுத்தூரில் பிறந்த ஆண்பிள்ளை எவனும் இதைக் கேட்காமல் வளர்ந்திருக்க முடியாது.

எங்கள் வீட்டில் இந்தப் பட்டத்தை அதிகம் வாங்கியவர் அப்பா. பீளமேட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் லேத் ஓட்டினார். நாயுடுதான் அவருக்குத் தெய்வம். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தால் நாயுடு கதைதான். கதை சொல்வது அப்பா. அதற்குத் தணிக்கை செய்வது அப்பத்தா. சென்சார் போர்டு மாதிரி வெட்டுகிற தணிக்கை அல்ல. வரவு செலவு பார்க்கிற தணிக்கை. அப்பத்தாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஆனால் பருத்தி மார்க்கெட்டில் அவளை ஒரு பைசா ஏமாற்ற முடியாது.

அப்பா ஆரம்பிப்பார். 1893 மார்ச் 23ஆம் தேதி, சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் கிராமத்தில் கோபால்சாமி துரைசாமி நாயுடு பிறந்தார். பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிவந்தார் என்று சொல்வார்கள். மற்ற ஊர்க்காரர்களுக்கு அது பேச்சு வழக்கு. கலங்கலில் நிஜமாகவே மண்தான். மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது.

இந்த இடம் வந்ததும் உள்ளே அம்மா எதையாவது கீழே போடுவாள். பெரும்பாலும் எவர்சில்வர் போசி. மூன்றாம் வகுப்பில் ஓடிப்போனவர்தான் ஊருக்கே பெரியவர் ஆனார் என்ற செய்தி, கணக்கில் முப்பத்தைந்து வாங்குகிற பையன் காதில் விழக்கூடாது என்பது அவள் ஏற்பாடு. போசி உருண்டு அடங்குவதற்குள் கதை மோட்டார் சைக்கிளுக்கு வந்திருக்கும்.

மோட்டார் சைக்கிள்தான் கதையின் உயிர்நாடி. வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ‘ரட்ஜ்’ கம்பெனி வண்டியில் அந்தப் பக்கம் வந்தார். மாடும் இல்லாமல் குதிரையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக ஓடுவதைப் பார்த்த பையனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. வாங்கினால் இதைத்தான் வாங்குவது என்று கோயமுத்தூருக்கு வந்து ஓட்டலில் சர்வர் வேலைக்குச் சேர்ந்தார். எச்சில் இலை எடுத்து, டவரா கழுவி, மூன்று வருடம் காசு சேர்த்தார். 300 ரூபாய் கொடுத்து வண்டியை வாங்கினார்.

வாங்கியவர் என்ன செய்தார்? ஏறி உட்கார்ந்து ஊரைச் சுற்றினாரா? கழற்றினார். கடைசி ஆணி வரைக்கும் கழற்றிப் பரப்பி, திரும்ப மாட்டினார்.

அப்பா இங்கே குரல் தழுதழுக்க நிறுத்துவார். அப்பத்தா அந்த இடைவெளிக்காகவே காத்திருப்பாள்.

“அந்தக் காலத்துல முந்நூறு ரூவாய்னா என்ன காசு! காடு வாங்கிப் போட்டிருந்தா பேரன் பேத்தி வரைக்கும் உக்காந்து தின்னிருக்கலாமல்லோ? கழட்டிப் பாக்கறதுக்கா மூணு வருசம் எச்செலை எடுத்தாரு?”

“அம்மா, உனக்குப் புரியாது. அது தொழில்.”

“எனக்குத் தொழில் புரியாது. காசு புரியும் கண்ணு.”

ஒருவிதத்தில் அப்பத்தா சொன்னது கொங்கு நாட்டின் பொதுக் கருத்து. இங்கே காசு கையில் வந்தால் முதலில் காடு, அப்புறம் கிணறு, அப்புறம் தறி. இந்த வரிசையில் மோட்டார் சைக்கிளைக் கழற்றுவது எங்கேயும் வராது. வரிசை தெரிந்த ஊரில் ஒருவர் வரிசை தப்பிப் பிறந்தார் என்பதுதான் நாயுடுவின் விசேஷம் என்று எனக்குப் படுகிறது. உழைப்பில் அவர் சுத்தமான கொங்கு நாட்டு ஆள். உழைத்த காசை என்ன செய்வது என்பதில் மட்டும் வேற்றுக் கிரகம்.

அடுத்தது பருத்தி. முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வியாபாரத்தில் கைநிறையச் சம்பாதித்தார். இந்தக் கட்டத்தில் அப்பத்தாவே அவரைப் பாராட்டுவாள். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பம்பாய்க்குப் போய் அங்கேயுள்ள பெரிய பருத்திப் புள்ளிகளோடு மோதி, சம்பாதித்ததையெல்லாம் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். அப்பத்தா ஒரு பெருமூச்சு விடுவாள். சொந்த மகனுக்கு நஷ்டம் வந்த மாதிரி இருக்கும் அந்தப் பெருமூச்சு.

நஷ்டப்பட்டவன் கோயமுத்தூரில் புதிதில்லை. தோற்று வந்தவர் அடுத்து எங்கே போய் நின்றார் என்பதுதான் விஷயம். ஸ்டேன்ஸ் துரையிடம். சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் இந்த ஊரில் 1862இலேயே பள்ளிக்கூடம் வைத்தவர், 1888இல் பஞ்சாலை ஆரம்பித்தவர். கையில் ஒன்றுமில்லாத ஆளிடம் அவருக்கு ஏதோ ஒன்று தெரிந்திருக்கிறது. வேலை கொடுத்தார், பிறகு பஸ் வாங்கக் கடனும் கொடுத்து உதவினார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் நாயுடுவின் பஸ் ஓட ஆரம்பித்தது. ஓட்டுநரும் அவர்தான், ரிப்பேர்காரரும் அவர்தான். பழனி முருகனைப் பார்க்கக் கட்டுச்சோறும் மாட்டு வண்டியுமாக உடுமலைப்பேட்டை வழியாக நாள் கணக்கில் போன சனங்கள், காலையில் ஏறி மதியம் அடிவாரத்தில் இறங்கினார்கள். சில வருடங்களில் அந்த ஒற்றை பஸ் யூ.எம்.எஸ். என்று எல்லோரும் சொல்லும் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் ஆனது. நாட்டிலேயே ஒழுங்காக ஓடிய பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று பெயர் வாங்கியது.

யூ.எம்.எஸ். பஸ்ஸைப் பார்த்துத்தான் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பேன் என்பார் எங்கள் அப்பாரு. அவரிடம் கடிகாரம் இருந்ததில்லை என்று அப்பத்தா சொல்வாள். இரண்டு பேருமே இப்போது இல்லாததால் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வழியில்லை.

பஸ் முதலாளி என்ற நிலையில் மற்றவர்களாக இருந்தால் ஒரு பங்களா, ஒரு குதிரை வண்டி, பேரப்பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். இவர் கப்பலேறி ஐரோப்பா போனார். 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைச் சொந்தக் கேமராவில் படம் பிடித்தார். நம்மூரில் ஒரு பெரிய வீட்டு எழவு விழுந்தால் மாலையும் கையுமாகப் போவோம்; இவர் உலகத்திலேயே பெரிய வீட்டு எழவுக்கு ஃபிலிம் ரோலோடு போயிருக்கிறார். ஜெர்மனியில் தொழிற்சாலைகளைச் சுற்றிப் பார்த்தார். சின்ன மோட்டார் வைத்து, டார்ச் பேட்டரியில் ஓடும் சவர இயந்திரம் ஒன்றை உருவாக்கினார். அப்பத்தாவின் தணிக்கைக் குறிப்பு: “வேப்ப மரத்தடியில உக்காந்தா நாலணாவுல முடியற வேலைக்கு மோட்டாரா?”

அவளே வாயை மூடிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. அது 1937.

கொங்கு நாடு மழை மறைவுப் பூமி. தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். எங்கள் தோட்டத்துக் கிணற்றில் அப்பத்தா கல்யாணமாகி வந்தபோது கவலை இறைத்தார்கள். இரண்டு மாடு, ஒரு தோல் பறி, கனத்த வடக்கயிறு. விடியும் முன்பே மாட்டை ஓட்டிக்கொண்டு பாரியில் முன்னும் பின்னும் நடக்கவேண்டும். மாடு பின்னால் நடக்கப் பறி கிணற்றில் இறங்கும். முன்னால் நடக்கத் தண்ணீர் மேலே வந்து வாய்க்காலில் கொட்டும். ஒரு பாத்தி நனைவதற்குள் மாட்டுக்கு நுரை தள்ளிவிடும், ஆளுக்கும்தான். கயிற்றின் மேல் உட்கார்ந்து பாரம் கொடுத்ததெல்லாம் அப்பத்தாவின் கதைகளில் வரும்.

1932இல் நீலகிரியில் பைக்காரா மின்சாரம் வந்தது. மில்கள் முளைத்தன. கம்பி ஊருக்குள் வந்தது, ஆனால் மோட்டார் கடல் தாண்டி வரவேண்டும். 1937இல் பீளமேட்டில் நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து இந்தியாவிலேயே தயாரான முதல் மின் மோட்டாரை உருவாக்கினார்கள். பாலசுந்தரம் பின்னால் டெக்ஸ்டூல் கம்பெனியைத் தொடங்கியவர். அவரைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும், நாயுடு வெளிச்சத்தில் அவர் கொஞ்சம் மங்கிப்போனார். அந்த ஒரு மோட்டாருக்குப் பிறகு ஃபவுண்டரி, வைண்டிங், பம்ப் என்று தெருவுக்குத் தெரு பட்டறை எழுந்தது. நாட்டின் மூலைமுடுக்குக் கிணற்றில் எல்லாம் கோயமுத்தூர் பம்ப் செட் இறங்கியது. எங்கள் கிணற்றிலும் இறங்கியது. பொத்தானை அமுக்கியதும் தண்ணீர் கொட்டிய அன்றைக்கு அப்பத்தா மோட்டாருக்குச் சந்தனம், குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்தாள்.

“கெணத்துல இருந்து மாட்டை அவுத்து உட்டாரல்லோ, அந்த ஒண்ணுக்காக முந்நூறு ரூவாயைத் தள்ளுபடி பண்ணீரலாம்” என்பாள். எங்கள் வீட்டு வரலாற்றில் அவள் தள்ளுபடி செய்த ஒரே கடன் அதுதான்.

அப்பாவுக்கு இது பெரிய வெற்றி. அந்த உற்சாகத்தில்தான் ஒரு சனிக்கிழமை ராத்திரி கிரைண்டரில் கை வைத்தார்.

கிரைண்டர் என்பது கோயமுத்தூர்க்காரனுக்குக் குலச்சொத்து. மின்சார மாவாட்டும் இயந்திரத்தை 1955இல் பி.சபாபதி இங்கேதான் உருவாக்கினார். இன்றைக்கு அதற்குப் புவிசார் குறியீடே உண்டு. எங்களுடையது பழைய இரண்டு லிட்டர். சுற்றும்போது லேசாக ‘கிர்ர்’ என்றது. லேசாக என்றால், காது கொடுத்துக் கேட்டால் மட்டும்.

“பேரிங் போயிருச்சு” என்றார் அப்பா, ஸ்பேனரை எடுத்துக்கொண்டே.

“ஏனுங், உளுந்து ஊறிக் கெடக்குது. நாளைக்கு ஒறம்பரை வேற வர்றாங்க. காலைல பாத்துக்கலாமல்லங்?” என்றாள் அம்மா.

“சித்தெ பொறு. பத்தே நிமிசம்.”

பழைய ‘ஆனந்த விகடன்’ தாள்களை விரித்தார். கல்லைத் தூக்கி ஓரமாக வைத்தார். டிரம் வந்தது. பெல்ட் வந்தது. புல்லியைக் கழற்ற முடியாமல் தேங்காயெண்ணெய் விட்டு, சுத்தியலால் தட்டி, முருகனைக் கூப்பிட்டு, அதுவும் வந்தது. மோட்டாரைத் திறந்து, செப்புக் காயிலை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். “பாரு, எப்படிச் சுத்தியிருக்கான் பாரு” என்றார். பேரிங்கைப் பெட்ரோலில் கழுவி விரலில் மாட்டிச் சுழற்றினார். அது ஒரு சத்தமும் இல்லாமல் சுழன்றது. பேரிங்கில் ஒன்றுமே இல்லை என்பது எனக்கே தெரிந்தது. அப்பா முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

திரும்ப மாட்டி முடித்தபோது நடுநிசி. தாளில் ஒரு வாஷரும் ஒரு நட்டும் மிச்சம் இருந்தன. நட்டை மோவாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்த அப்பா, “கம்பெனிக்காரன் சேத்திப் போட்டிருக்கான்” என்று தீர்ப்புச் சொல்லிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சுவிட்சைப் போட்டதும் கிரைண்டர் மொத்தமும் சமையலறையில் ஒரு சுற்று நகர்ந்தது. பிறகு நின்றது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டுக்கல்லைக் கழுவினாள். கொல்லைப்புறத்தில் அந்த நேரத்தில் உளுந்து ஆட்டிய சத்தத்தில் நாயுடுவுக்கு எங்கள் வீட்டில் இருந்த மரியாதை பாதி அரைபட்டுவிட்டது.

இப்படிப்பட்ட ஆள் உண்மையிலேயே ஒரு வீட்டில் இருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வருகிறது. ஊருக்கு அவர் விஞ்ஞானி. வீட்டுக்கு? ஐந்து வால்வு ரேடியோவை 1941இல் 70 ரூபாய்க்குச் செய்யலாம் என்று செய்து காட்டியவர் வீட்டில், முழு விலை கொடுத்து எதையாவது வாங்கி வர யாருக்குத் துணிச்சல் வரும்? 1952இல் இரண்டு பேர் போகிற பெட்ரோல் காரை 2,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்றார். அரசாங்கம் லைசென்ஸ் தரவில்லை. அந்தக் கார் வந்திருந்தால் கோயமுத்தூரில் பஸ்ஸே ஓடியிருக்காது; ஓட இடம் இருந்திருக்காது. வரிக் கொள்கை மேல் கோபம் வந்தபோது, தான் செய்த சாதனங்களைத் தானே பொது இடத்தில் உடைத்துக் காட்டினார். கோபத்தில் தட்டை உடைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறோம். சொந்தக் கண்டுபிடிப்பை உடைக்கப் பெரிய மனசு வேண்டும், அல்லது பெரிய கோபம்.

1967இல் ஒரு வீட்டையே பதினொரு மணி நேரத்தில் கட்டினார். காலை 6 மணிக்கு அஸ்திவாரம், மாலை 5 மணிக்கு வீடு. இதைப் படிக்கும்போதெல்லாம் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டிய படலம் நினைவுக்கு வரும். ஆடியில் ஆரம்பித்தோம். மேஸ்திரி தினமும் காலையில் ஃபோனில் “வந்துட்டே இருக்கறனுங்” என்பார். தீபாவளிக்கும் வந்துகொண்டே இருந்தார். கார்த்திகை தீபத்துக்கும் வந்துகொண்டே இருந்தார். தை பிறந்த பிறகு ஒரு நாள் வந்தேவிட்டார். அன்றைக்குச் சிமெண்ட் தீர்ந்துபோயிருந்தது.

நாயுடு 1974 ஜனவரி 4ஆம் தேதி காலமானார். அவர் சேகரித்தவையும் செய்தவையும் அவிநாசி சாலையில் கண்காட்சியாக இருக்கின்றன. அதே வளாகத்தில் அவர் மகன் ஜி.டி.கோபாலின் முயற்சியில் கார் அருங்காட்சியகமும் வந்திருக்கிறது. பிள்ளைகள் அப்பாவின் சாமான்களைப் பழைய இரும்புக்குப் போடாமல் வைத்திருப்பதே பெரிய விஷயம். எங்கள் அப்பாவின் கண்டுபிடிப்புகளில் மிஞ்சியது அந்த நட்டு மட்டும்தான்.

2025 அக்டோபர் 9ஆம் தேதி அதே அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரைக்கும் 10.1 கிலோமீட்டர் மேம்பாலத்தைத் திறந்து அவர் பெயரை வைத்தார்கள். 1,791 கோடி ரூபாய். தெருப் பெயர்களில் சாதி கூடாது என்று அரசாணை போட்ட அதே வாரத்தில் ‘ஜி.டி.நாயுடு மேம்பாலம்’ என்று பலகை மாட்டியதால் டீக்கடைகளில் நல்ல விவாதம் நடந்தது. “பின்ன என்னங், ஜி.டி. மேம்பாலம்னு மொட்டையா வெச்சா எவனுக்குத் தெரியும்?” என்று ஒரு கட்சி. “சட்டம்னா எல்லாருக்கும் சட்டம்தானுங்” என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் பாலத்தில் ஏறிப் பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேர்ந்தன. நேரம் மிச்சமாகிற ஒரு விஷயத்துக்கு அவர் பெயர் வைத்தது பொருத்தம்தான். சிலை வைத்திருந்தால் அதன் கீழ் நின்று யாராவது நேரத்தை வீணடித்திருப்பார்கள்.

அந்த நேர வெறியின் உச்சகட்டம் எது என்று கேட்டால், பாலத்தையும் பஸ்ஸையும் விட்டுவிட்டுக் கல்லூரிக் கதையைத்தான் சொல்வேன். 1945இல் அவர் முயற்சியாலும் நன்கொடையாலும் கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரி எழுந்தது. அன்றைய சென்னை மாகாண கவர்னர் ஆர்தர் ஹோப் பெயரில் தொடங்கிய அதுதான் இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. முதல்வர் நாற்காலியில் யார்? மூன்றாம் வகுப்பில் மண்ணைத் தூவிவிட்டு ஓடிய அதே ஆள். என் அம்மா இதை நம்பவே இல்லை. அப்பா கதை கட்டுகிறார் என்று கடைசி வரைக்கும் நினைத்தாள்.

நாற்காலியில் உட்கார்ந்தவர் பாடத்திட்டத்தைப் பார்த்தார். நான்கு வருடமா என்று கேட்டார். அரை நாள் வகுப்பு நடத்தி மீதி நேரத்தை வீணடிப்பதற்குப் பதில் முழு நாளும் நடத்தினால் இரண்டே வருடத்தில் பையன்களைப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்றார். வெள்ளைக்கார அரசாங்கம் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு விவாதம் பண்ணிக்கொண்டு நிற்கவில்லை, பதவியை விட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார். பள்ளிக்கூடத்தை விட்டு அவர் வெளியேறியது அது இரண்டாவது முறை. இந்தத் தடவை யார் கண்ணிலும் மண் விழவில்லை.

வெள்ளைக்காரன் போய்விட்டான். லைசென்ஸ் ராஜ்யமும் போய்விட்டது. இந்த ஊரைச் சுற்றி எத்தனையோ பொறியியல் கல்லூரிகள் வந்துவிட்டன. படிப்பு இன்றைக்கும் நான்கு வருடம்தான். அரியர் தனி.